ஒன்பதாவது கேள்விக்கான மஞ்சள் தாள்

போன மாதம் மெலனி தொலைபேசியில் அழைத்தாள். ஜேர்மனியின் ஹம் நகரத்து ஆரம்பப் பள்ளி ஒன்றில் நான் இருபத்தேழு வருடம் செயலாளராக இருந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள்.

"ஃபிராவ் யோகநாதன், சேர்வுப் படிவம் இனிமேல் தாளில் இல்லையாம். பெற்றோர் கைத்தொலைபேசியிலேயே நிரப்பி அனுப்பப் போகிறார்கள். எல்லாக் கேள்விகளையும் ஏற்றிவிட்டோம். ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் நீங்கள் ஒரு மஞ்சள் தாள் வைத்திருந்தீர்களே, அதுவும் வேண்டுமா?" என்று கேட்டாள்.

"அதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் ஏற்றி என்ன பிரயோசனம்?" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன். பிறகு யோசித்தபோது அவளில் பிழையில்லை என்று பட்டது. அந்தத் தாள் எப்படி வந்தது என்று நான் அவளுக்குச் சொன்னதேயில்லை. அது என் பிழை ஒன்றிலிருந்து பிறந்த தாள், அதனால் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற பிறகு மனிதருக்கு வெட்கம் கொஞ்சம் குறைகிறது. எழுதிவிடுகிறேன்.

நான் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்த கதையை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் ஆட்களில் எழுதத் தெரிந்த எல்லோரும் அதை எழுதி முடித்துவிட்டார்கள். என்னுடையது சுருக்கமானது. முதலில் ஒரு முதியோர் இல்லத்தில் துணி தோய்த்தேன். பிறகு இந்தப் பள்ளிக்கூடத்தைப் பின்னேரங்களில் கூட்டித் துடைத்தேன். மகனும் மகளும் கொஞ்சம் வளர்ந்ததும் இரண்டு வருட அலுவலகப் பயிற்சிக்குப் போனேன். சோதனையில் முதல் தடவை கோட்டை விட்டு, இரண்டாம் தடவை தேறினேன். கடைசியில் நான் துடைத்த மேசைக்கே வேலைக்கு வந்தேன். முதல் கிழமை முழுக்க, வீட்டுக்குப் போகுமுன் பழக்கதோஷத்தில் அந்த மேசையைத் துடைத்துவிட்டுப் போனேன். புதிதாக வந்த துப்புரவுப் பெண் தன் வேலையில் நான் குறை காண்பதாகப் பள்ளி அதிபரிடம் முறையிட்டுவிட்டாள்.

பள்ளிக்கூடச் செயலாளர் என்றால் கடிதம் தட்டுகிறவள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். காலை ஏழரைக்குச் சுகமில்லாத பிள்ளைகளின் தாய்மார் அழைப்பார்கள். எட்டு மணிக்கு ஒருவன் விழுந்த பல்லைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்பான். குளிர்ப்பை, மாற்று உடுப்பு, தொலைந்த கையுறை, கதவுத் திறப்பு, மக்கர் பண்ணும் அச்சு இயந்திரம். இவ்வளவுக்கும் நடுவில் எண்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை வகுப்புகள், எத்தனை பேருக்கு மதியச் சாப்பாடு, வீட்டில் என்ன மொழி. ஒக்டோபரில் குறித்த ஒரு நாளில் உள்ள நிலவரப்படி அந்த எண்களை மாநில அரசுக்கு அனுப்ப வேண்டும்.

இந்த நாட்டில் பள்ளிக்கூடம் மாநிலத்தின் பொறுப்பு. பெர்லினில் இருக்கும் மத்திய அரசு வாசலோடு நின்றுகொள்ள வேண்டும் என்பதுதான் நெடுங்காலத்து வழக்கம். என் காலத்தில்தான் அந்த வாசல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. வசதி குறைந்த பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்குப் பணம் வந்தது. பிறகு கணினிகளுக்கு வந்தது. கடைசியில், சிரமமான சூழலில் இருக்கும் பள்ளிகளுக்கென்று பல வருடங்களுக்கான ஒரு பெரிய திட்டம் வந்தது. பணம் வந்தால் கூடவே கேள்வியும் வரும். எந்தப் பள்ளிக்குக் கொடுத்தீர்கள், ஏன் அந்தப் பள்ளிக்கு, கொடுத்ததால் பிள்ளைகளுக்கு என்ன முன்னேற்றம்? இதற்கெல்லாம் அடிப்படையாக எங்கள் மாநிலம் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சுட்டெண் வைத்திருக்கிறது. வசதியான பள்ளிக்குச் சிறிய எண், சிரமப்படும் பள்ளிக்குப் பெரிய எண். அந்தச் சுட்டெண்ணைத் தீர்மானிக்கும் விஷயங்களில் ஒன்று, எங்கள் படிவத்தின் ஒன்பதாவது கேள்வி: "வீட்டில் பெரும்பாலும் பேசப்படும் மொழி எது?" ஜேர்மன் பேசாத வீடுகள் கூடக் கூட எண்ணும் கூடும்.

என் வேலைக்காலத்தின் பின்பாதி முழுவதும் அதிபராக இருந்தவர் ஃபிராவ் ஹெல்விக், எங்கள் வழக்கில் திருமதி ஹெல்விக். நெடுநெடுவென்று உயரம், கட்டையாக வெட்டிய நரைமுடி. என் பெயரை ஓரெழுத்தும் விழுங்காமல் முழுதாகச் சொன்ன முதல் ஜேர்மன்காரி அவர்தான். படிவங்களை உட்கார்ந்து வாசிக்க மாட்டார். ஜன்னலோரம் நின்று, கோடு போடும் ஒரு மர அடிமட்டத்தை வரிவரியாக இறக்கிக்கொண்டு வாசிப்பார். ஏதாவது ஓர் எண்ணில் அடிமட்டம் நின்றால், என் பக்கம் திரும்பாமலே ஒரு சொல் கேட்பார்: "வோஹேர்?" எங்கிருந்து? முதல் நாள் நான் "இலங்கையிலிருந்து" என்று சொல்லிவிட்டேன். அதுவரை அந்தக் கேள்வியை வேறெதற்கும் என்னிடம் எவரும் கேட்டதில்லை. அவர் சிரிக்கவில்லை. "அது எனக்குத் தெரியும். இந்தப் பதினேழு எங்கிருந்து வந்தது?" என்றார்.

எங்கிருந்து என்றால் தாளைக் காட்ட வேண்டும். ஞாபகம், கேள்விப்பட்டது, ஊருக்கே தெரிந்தது எதுவும் அவரிடம் எடுபடாது. ஒருமுறை ஒரு வகுப்பில் இருபத்துநான்கு பிள்ளைகள் என்று எழுதியிருந்தேன். அவர் நேரே வகுப்புக்குப் போய்த் தலைகளை எண்ணிவிட்டு வந்தார். "இருபத்துநான்கு பேர் இருக்கிறார்கள். ஆனால் தாள்கள் இருபத்துமூன்று. இரண்டில் ஒன்று பிழை" என்றார். ஒரு பிள்ளையின் படிவம் அச்சு இயந்திரத்துக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. ஒருநாளும் திட்டியதில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எங்கள் பள்ளிக்கு ஒரு தீராத தலையிடி இருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் மாநிலம் ஒரு சோதனை வைக்கும். பெறுபேற்றை, அதே சுட்டெண் உள்ள மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டு அனுப்புவார்கள். எங்கள் சுட்டெண் சிறியது. அதனால் எங்களைத் தோட்டமும் இரட்டைக் காரும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு வருடமும் கீழேதான் நின்றோம். மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருத்தி அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு என் மேசையருகே நின்று அழுதிருக்கிறாள். தன் படிப்பித்தலில்தான் பிழை என்று அவள் நினைத்தாள். நானும் ஒரு கோப்பி போட்டுக் கொடுத்து ஆறுதல் சொன்னேன். அந்த அழுகைக்கு நானும் ஒரு காரணம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பெரிய திட்டத்தின் முதற் பட்டியல் வந்தபோது எங்கள் பெயர் இல்லை. பக்கத்து நகரத்தில், எங்களைவிடக் கஷ்டம் குறைந்த ஒரு பள்ளியின் பெயர் இருந்தது. ஃபிராவ் ஹெல்விக் பட்டியலை இரண்டு தடவை அடிமட்டம் வைத்து வாசித்தார். பிறகு, நாங்கள் அனுப்பிய எண்கள் எல்லாவற்றையும் அடியிலிருந்து பார்க்கச் சொன்னார். படிவக் கோப்புகளை இறக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எங்கள் பள்ளியில் அப்போது தமிழ்ப் பிள்ளைகள் முப்பத்தொரு பேர், வீட்டுக்கு ஒருவராக. முப்பத்தொரு படிவத்திலும் ஒன்பதாவது கேள்விக்குப் பதில் ஒன்றுதான். டொச். அதாவது ஜேர்மன். சிலருடைய தகப்பன்மார் என்னிடம் வந்து "சுகமாய் இருக்கிறியளோ?" என்பதற்கு மேல் எந்த மொழியிலும் அதிகம் பேசாதவர்கள். அவர்கள் வீட்டிலும் டொச்.

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் வாயிலிருந்து வந்தது.

என் மகன் பள்ளிக்குப் போகும் வயதில், வேறொரு ஊரில், நான் அந்தக் கேள்விக்கு நேர்மையாகத் "தமிழ்" என்று எழுதினேன். அவனோடு ஒரு சொல் பேசிப் பார்க்காமலே ஒரு வருடம் ஆயத்த வகுப்பில் போட்டார்கள். ஐந்து வயதிலேயே டொச்சில் சண்டை பிடிக்கத் தெரிந்த பிள்ளை. அந்த ஆத்திரத்தில், மகளின் முறை வந்தபோது "டொச்" என்று எழுதினேன். அவள் நேரே முதலாம் வகுப்புக்குப் போனாள். அன்றைக்கு நான் ஒரு பாடம் படித்துவிட்டதாக நினைத்தேன். செயலாளர் வேலை கிடைத்ததும் அந்தப் பாடத்தை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தேன். தமிழ்த் தாய்மார் என் மேசைக்கு வந்து, ஒன்பதாவது கேள்வியில் பேனையை நிறுத்தி, "அக்கா, இதில என்ன எழுதுறது?" என்று கேட்பார்கள். "டொச் எண்டு போடுங்கோ பிள்ளை. கரைச்சல் இல்லை" என்பேன். பிறகு நான் சொல்லவும் தேவையிருக்கவில்லை. கோயிலில், கடையில், பிறந்தநாள் கொண்டாட்டங்களில் அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஆயத்த வகுப்பு முறையை மாநிலம் எப்போதோ கைவிட்டுவிட்டது. எங்கள் சனம் மட்டும் அதற்குப் பயந்து எழுதிக்கொண்டிருந்தது.

அன்று நான் ஃபிராவ் ஹெல்விக்கிடம் ஒன்றும் சொல்லவில்லை. "இன்னும் பார்க்க வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். அவரோடு வேலை செய்த அத்தனை வருடத்தில் அவருக்கு நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

இரண்டு நாள் கழித்து அபிநயாவின் அறிக்கை என் மேசைக்கு வந்தது. அபிநயா இரண்டாம் வகுப்பு. தாய் சுகந்தி இறைச்சி பொதிசெய்யும் ஒரு தொழிற்சாலையில் விடியற்காலை வேலைக்குப் போகிறவள், தகப்பன் உணவகச் சமையலில். பிள்ளை வகுப்பில் வாய் திறப்பது குறைவு, திறந்தாலும் அரை வாக்கியம்தான். அவளைப் பரிசோதிக்க வந்த விசேட கல்வி ஆசிரியர் நல்ல மனிதர், மூன்று நாள் அவளோடு இருந்து பார்த்துத்தான் எழுதியிருந்தார். கோப்பில் வைப்பதற்காகத் துளையிடும்போது முதல் வரிகள் கண்ணில் பட்டன. "குடும்ப மொழி: ஜேர்மன். அப்படியிருந்தும் பிள்ளையின் வாக்கியங்கள் வயதுக்கேற்ற நிலையில் இல்லை." அதனால் கற்றல் குறைபாடு இருக்கலாம், விசேட பள்ளிக்கு மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும் என்று கடைசிப் பக்கம் சொன்னது.

அந்த "அப்படியிருந்தும்" என்னைச் சுட்டது. அவருக்கு முன்னால் இருந்த தாளின்படி அவர் எழுதியது சரி. டொச் பேசும் வீட்டில் வளர்ந்த ஏழு வயதுப் பிள்ளை அரை வாக்கியம் பேசினால், யாருக்கும் பிள்ளையில்தான் சந்தேகம் வரும்.

அடுத்த நாள் சுகந்தி வேலை உடுப்போடு வந்து நின்றாள். அறிக்கை பற்றிய கடிதம் அவளுக்கும் போயிருந்தது. கையில் அதை நாலாக மடித்து வைத்திருந்தாள்.

"அக்கா, என்ர பிள்ளை மொக்கில்லை. வீட்டில வந்து பாருங்கோ, வாய் ஓயாது. பூனைக்குட்டிக்குக்கூடக் கதை சொல்லுவாள். எல்லாம் தமிழில. உவைக்கு அது விளங்குதில்லையே?"

"படிவத்தில டொச் எண்டு கிடக்குது பிள்ளை. அதாலதான்."

சுகந்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. "நீங்கள்தானே அக்கா அப்பிடி எழுதச் சொன்னனீங்கள்."

ஓம், நான்தான் சொன்னேன். அவளை இருக்கச் சொல்லிவிட்டு நேரே அதிபரின் கதவைத் தட்டினேன்.

முழுவதையும் சொன்னேன். மகனின் ஆயத்த வகுப்பு, மகளின் படிவம், தாய்மாருக்குச் சொன்ன யோசனை, மூன்று நாளுக்கு முன் மறைத்தது, வெளியே இருக்கும் சுகந்தி. வேலை போனாலும் போகட்டும் என்ற எண்ணத்தில்தான் சொன்னேன். ஃபிராவ் ஹெல்விக் ஜன்னலோரம் நின்றபடியே கேட்டார். கையில் அடிமட்டம் இருந்தது. முடிந்ததும் மூன்று கேள்வி கேட்டார்.

"எத்தனை வருடமாக?"

"இருபதுக்கு மேல்."

"நீங்கள் எந்தப் படிவத்திலாவது உங்கள் கையால் எழுதினீர்களா?"

"இல்லை. எல்லாம் பெற்றோரின் கையெழுத்து."

"ஒக்டோபர்க் கணக்குக்கு எத்தனை நாள் இருக்கிறது?"

"பதினொன்று."

அவர் அடிமட்டத்தை மேசையில் வைத்தார். "அப்படியென்றால் நேரம் இருக்கிறது. முதலில் அந்தத் தாயை உள்ளே கூப்பிடுங்கள்" என்றார். சுகந்தியின் புதிய படிவம் அன்றே எழுதப்பட்டது. விசேட கல்வி ஆசிரியருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னதும், அவர் அறிக்கையைத் திருப்பி எடுத்துக்கொண்டு, தமிழ் தெரிந்த ஒருவரோடு மறுபடி வந்து பிள்ளையைப் பார்ப்பதாக ஒத்துக்கொண்டார்.

மற்றவர்களுக்காக ஃபிராவ் ஹெல்விக் ஒழுங்குகளைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெற்றோர் புதிய படிவம் நிரப்ப வேண்டும், தங்கள் கையால். பழைய படிவத்தைக் கிழிக்கக் கூடாது, புதியதன் பின்னால் இணைத்து வைக்க வேண்டும். கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது, எதற்குப் பயன்படாது என்று விளக்கும் ஒரு தாள் அவர்களுடைய மொழியில் இருக்க வேண்டும். கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்கள் இனி யோசனை சொல்லக் கூடாது, ஃபிராவ் யோகநாதன். நல்ல யோசனையும் கூடாது. கேள்வியை வாசியுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்."

அந்த விளக்கத் தாளை அன்று வீட்டில் தமிழில் எழுதினேன். அலுவலகத்தில் மிச்சமிருந்தது மஞ்சள் தாள், அதில் அச்சிட்டோம். ஃபிராவ் ஹெல்விக்குக் கையெழுத்து வைக்க வேண்டும், ஆனால் ஓரெழுத்தும் வாசிக்க முடியாது. ஆகவே எங்கள் பழைய மாணவி ஒருத்தியைப் பிடித்தார். அவள் இப்போது நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். நான் எழுதியதை அவள் திரும்ப ஜேர்மனில் எழுதிக் கொடுத்த பிறகுதான், வரிக்கு வரி அடிமட்டம் வைத்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். எனக்கு முதலில் கோபம் வந்தது, என்னை நம்பவில்லையே என்று. நடந்ததை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கும் இடத்துக்குப் போனேன். பிள்ளைகள் உள்ளே படிக்க, பெற்றோர் நடைவழியில் பிளாஸ்கில் தேநீரோடு நிற்பார்கள். என்னைக் கண்டதும் "வாங்கோ கௌரி அக்கா" என்று கதிரை போட்டார்கள். நான் இருக்கவில்லை.

"நான் உங்களுக்கு ஒரு பிழையான விஷயம் சொல்லித் தந்திட்டன். அதைத் திருத்த வந்திருக்கிறன்" என்று தொடங்கினேன். மேடையேறிப் பழக்கமில்லாதவள். இருந்தாலும் சொல்லி முடித்தேன். பிறகு மஞ்சள் தாளைக் கொடுத்தேன்.

முதலில் வாய் திறந்தவர் ரவீந்திரன். புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவருடைய மூத்த மகன் எங்கள் பள்ளியில்.

"அக்கா, இருவது வருசமாய் டொச் எண்டு எழுதச் சொன்னீங்கள். எழுதினம். இப்ப தமிழ் எண்டு எழுதச் சொல்லுறியள். நாளைக்கு இன்னொண்டு சொல்லுவியள். எங்கட பிள்ளையள் பின்தங்கினதுகள் எண்டு நாங்களே எழுதிக் குடுத்து, அதைக் காட்டி உங்கட பள்ளிக்கூடம் காசு வாங்கப் போகுதோ?"

சுருக்கென்றிருந்தது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. "நான் எதையும் எழுதச் சொல்லேல்லை தம்பி. கேள்வியை மட்டும் வாசிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. தாள்கள் கைகளில் அப்படியே இருந்தன. ஒருவரும் பேனை எடுக்கவில்லை.

அப்போது பின்னால் நின்ற சுகந்தி பேசினாள். சனக்கூட்டத்தில் அவள் பேசி நான் கண்டதில்லை.

"ரவியண்ணை, நானும் டொச் எண்டுதான் எழுதினனான். நான் தமிழில வளர்க்கிற பிள்ளையை டொச்சில வளர்த்தன் எண்டு எழுதினன். அந்தத் தாளைப் பாத்திட்டு அவளுக்கு மூளையில குறை எண்டு எழுதப் பாத்தினம். பின்தங்கினது பிள்ளை இல்லை அண்ணை. நான் எழுதின பொய்தான் அவளைப் பின்னுக்குத் தள்ளினது."

ஒரு தாய் பேனை கேட்டாள். பிறகு இன்னொருத்தி. அன்றும் அடுத்து வந்த நாட்களிலுமாக, முன்பே எழுதிய சுகந்தியையும் சேர்த்து, இருபத்தாறு குடும்பங்கள் "தமிழ்" என்று எழுதின. நான்கு குடும்பங்கள் டொச்சை மாற்றவில்லை. அவர்கள் இங்கேயே பிறந்து வளர்ந்த பெற்றோர், வீட்டில் உண்மையிலேயே டொச்தான் பேசுகிறார்கள். மிச்சமிருந்த ஒருவர் ரவீந்திரன். மஞ்சள் தாளை முழுக்க வாசித்து, புதிய படிவத்தை எடுத்து, "டொச்" என்று இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார்.

அதே தாளைத் துருக்கி மொழியிலும் அரபியிலும் வேறு சில மொழிகளிலும் செய்தோம். அந்த வீடுகளிலும் ஆளுக்கொரு பயம் இருந்திருக்கிறது. பதினொரு நாளும் நான் மத்தியானச் சாப்பாட்டை நின்றபடி சாப்பிட்டேன்.

கடைசி நாள், வேறொரு ஊர்ப் பள்ளியில் செயலாளராக இருக்கும் ஒரு சிநேகிதி அழைத்தாள். ரவீந்திரன் விஷயத்தைச் சொன்னேன். "உனக்குத் தெரியும்தானே அவர்கள் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று? கணினியில் மாற்றிவிடு. யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றாள். தெரியும்தான். ஒவ்வொரு கிழமையும் அவர் கடையில்தான் நான் மரக்கறி வாங்குகிறேன். அவர் மகனைத் தமிழில் ஏவி, தமிழில் பேசி, தமிழில் கொஞ்சுவதை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். திரையில் அந்தக் கட்டம் திறந்திருந்தது. ஒரு சொடுக்குத்தான். உண்மையும் அதுதான். இருந்தாலும் என்னிடம் அந்த உண்மைக்குத் தாள் இல்லை. டொச் என்றே விட்டு அனுப்பினேன்.

வருடம் பிறந்து குளிர் குறையும் நேரத்தில் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எங்கள் எண் ஒரே வருடத்தில் அவ்வளவு மாறியது அவர்களுக்குச் சந்தேகம். மத்திய அரசின் பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் சந்தேகப்படுவதுதான் அவருடைய வேலை, அதில் எனக்குக் குறையில்லை. வட்டக் கண்ணாடி, சாந்தமான குரல். ஆனால் வந்தவுடன் சொன்ன முதல் வசனம் சாந்தமாக இல்லை: "பட்டியலில் இடம் கிடைக்கவில்லை என்றதும் பிள்ளைகளின் மொழி மாறியிருக்கிறது."

ஃபிராவ் ஹெல்விக் என்னைப் பார்த்தார். நான் கோப்புகளைக் கொண்டுபோய் வைத்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு படிவங்கள், முன்னால் புதியது, பின்னால் பழையது, நடுவில் மஞ்சள் தாள். என் பிழையை நான் எழுதிக் கையெழுத்து வைத்த ஒரு பக்கக் கடிதமும் முதலாவது கோப்பின் முதல் தாளாக இருந்தது. அவர் முதலில் அதைத்தான் வாசித்தார். மெதுவாக வாசித்தார். பிறகு நாள் முழுக்கப் படிவங்களைப் புரட்டினார். பின்னேரம் ஒன்றை வெளியே எடுத்து வைத்தார்.

"இந்தக் குடும்பமும் தமிழ்ப் பெயர். புதிய படிவமும் இருக்கிறது. ஏன் ஜேர்மன்?"

"தகப்பன் அப்படி எழுதினார்."

"அவர்கள் வீட்டில் ஜேர்மனா பேசுகிறார்கள்?"

"இல்லை. தமிழ். நான் கேட்டிருக்கிறேன்."

"அப்படியென்றால் நீங்கள் அனுப்பியது பிழை என்று தெரிந்தே அனுப்பினீர்களா?"

"நான் கேட்டதற்குத் தாள் இல்லை. அவர் எழுதியதற்கு இருக்கிறது" என்றேன்.

அவர் அந்தப் படிவத்தைக் கோப்பில் வைத்து மூடினார். "எண்ணைக் கூட்டிக் காட்ட நினைத்திருந்தால், இதைத்தான் முதலில் மாற்றியிருப்பீர்கள்" என்றார். இரண்டாம் நாளும் வருவதாக இருந்தவர் வரவில்லை. ரவீந்திரனின் பிடிவாதம்தான் மற்ற எல்லாத் தாளுக்கும் சாட்சியாக நின்றது. இதை நான் அவரிடம் அப்போது சொல்லவில்லை. சொன்னால் மனுசனைப் பிடிக்க முடியாது.

அடுத்த பட்டியலில் எங்கள் பெயர் இருந்தது. மொழிப் பயிற்சிக்கு இரண்டு ஆசிரியைகளும் ஒரு சமூகப் பணியாளரும் வந்தார்கள். பழைய கதிரைகள் அடைந்து கிடந்த அறையை ஒழுங்காக்கி அவர்களுக்குக் கொடுத்தோம். மூன்றாம் வகுப்புச் சோதனையில் எங்களை இப்போது எங்களைப் போன்ற பள்ளிகளோடு ஒப்பிடுகிறார்கள். அந்த முதற் கடிதம் வந்தபோது, நாங்கள் நடுவுக்குச் சற்று மேலே நின்றோம். முன்பு அழுத ஆசிரியை கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "வாசியுங்கள், சத்தமாக வாசியுங்கள்" என்றாள். வாசித்தேன். என் வேலைக்காலத்தில் நான் சத்தமாக வாசித்த கடிதங்களில் அதைப்போல இனித்தது வேறில்லை.

அபிநயாவைத் தமிழ் தெரிந்தவரோடு மறுபடி பார்த்த ஆசிரியர், குறைபாடு ஒன்றும் இல்லை என்று எழுதினார். தமிழில் அவள் தன் வயதைத் தாண்டிப் பேசுகிறாள் என்றும் எழுதியிருந்தார். சுகந்தி அந்த வரியைத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறாள். பிள்ளை இப்போது நான்காம் வகுப்பு. வாய் ஓயாது என்று வகுப்பாசிரியை முறையிடுகிறார், இரண்டு மொழியிலுமாம்.

நான் ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கையில் ரவீந்திரன் தன் இளைய மகளைப் பதிய வந்தார். படிவத்தைக் கொடுத்தேன், மஞ்சள் தாளையும் கொடுத்தேன். எட்டுக் கேள்வியை மளமளவென்று எழுதிவிட்டு ஒன்பதாவதில் நின்றார்.

"அக்கா, இதில என்ன எழுதுறது?"

நான் கேள்வியை, அச்சிட்டபடியே, தமிழில் வாசித்தேன். நிறுத்திவிட்டேன்.

"வேற ஒண்டும் சொல்ல மாட்டியளோ?"

"ஏலாது தம்பி. அது உங்கட வீடு."

கொஞ்ச நேரம் பேனையை விரலுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார். தலையைத் தூக்காமலே, "மூத்தவனுக்கும் ஒரு புதுப் படிவம் தாங்கோ" என்றார். கொடுத்தேன். அதையும் எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைத்து, இரண்டையும் என் பக்கம் தள்ளிவிட்டு, "கடைக்கு நேரமாச்சு, வாறன்" என்று போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் பார்த்தேன். இரண்டிலும் "தமிழ்" என்று இருந்தது. மூத்தவனின் புதிய படிவத்தைப் பழைய இரண்டுக்கும் முன்னால் வைத்துக் கோத்தேன். கணினியில் அவனுடையதை மாற்றினேன்; இளையவள் அடுத்த வருடக் கணக்கில்தான் வருவாள்.

மறுநாள் காலை ஃபிராவ் ஹெல்விக் ஜன்னலோரம் நின்று எண்களை வாசித்தார். அடிமட்டம் ஓரிடத்தில் நின்றது. நேற்றைய எண்ணைவிட ஒன்று கூட.

"வோஹேர்?"

"ரவீந்திரன் வீட்டிலிருந்து" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். அத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் திரும்பியது அன்றுதான். சிரித்துக்கொண்டே கையை நீட்டினார், தாளுக்காக.

கொடுத்தேன்.